ஸ்ப்ரெட் எப்படி போடுறாங்க, எப்படி நகத்துறாங்க: பேப்பர்ல நீங்களே ஒரு லைன் போட்டு பாக்கலாம் வாங்க

டிவில என்எஃப்எல் (அமெரிக்கன் ஃபுட்பால் லீக்) மேட்ச் ஓடுறப்போ ஸ்க்ரீன் ஓரத்துல "பில்ஸ் -3" அப்டின்னு ஒண்ணு வரும்ல, அதுதான் ஸ்ப்ரெட், லைன்னும் சொல்வாங்க. முக்காவாசி பேரு அதை கணிப்புன்னு நெனச்சு படிக்கிறாங்க, அதாவது பில்ஸ் டீம் 3 புள்ளி வித்தியாசத்துல ஜெயிக்கும்னு புக்கி, பந்தயம் எடுக்குறவன், சொல்றான்னு. அவன் அப்படி ஒண்ணும் சொல்லல. அந்த 3 அன்னிக்கு அவன் கடைல மாட்டியிருக்குற விலை, அவ்ளோதான். வெவரம் தெரிஞ்ச ஒருத்தன் பெரிய தொகையோட வந்து வாங்குனான்னா அஞ்சு நிமிஷத்துல மாத்தி எழுதிடுவான். இது விலைன்னு மண்டைல ஏறிடுச்சுன்னா மீதி எல்லாமே லேசு, அதனாலதான் இதை மொதல்லயே சொல்லிட்டேன்.

முன்னாடியே ஒண்ணு. இந்தியால 2025-ல வந்த சட்டம் பணம் வச்சு ஆடுற ஆன்லைன் ஆட்டத்தை மொத்தமா தடை பண்ணிடுச்சு, தமிழ்நாட்டுக்கு தனியாவே ஒரு சட்டம் இருக்கு. அமெரிக்காலயும் 2018 மே மாசம் சுப்ரீம் கோர்ட்டு 1992 தடைச் சட்டத்தை தூக்குனதுக்கு அப்புறம்தான் ஒவ்வொரு மாநிலமா திறந்துச்சு, இன்னும் சில மாநிலத்துல கிடையாது. அதனால இங்க சொல்றது எல்லாம் பென்சிலும் எக்செல் ஷீட்டும் வச்சு பண்ற வேலை, பணம் போடச் சொல்லி எழுதல. கணக்கு பிடிச்சவங்களுக்கு பணமே இல்லாம இது நல்ல விளையாட்டு.

விலையைப் படிக்கிறது எப்படி

-3 போட்ட டீம் மேல பணம் கட்டுனா அது 4 புள்ளியோ அதுக்கு மேலயோ ஜெயிக்கணும். எதிர் பக்கம் +3 எடுத்தவனுக்கு டீம் ஜெயிச்சாலும் காசு, 1 இல்ல 2 புள்ளில தோத்தாலும் காசு. சரியா 3-ல முடிஞ்சா ரெண்டு பேருக்கும் போட்ட காசு அப்படியே திரும்ப வந்துரும், அதுக்கு பேரு புஷ். புஷ் வேணாம்னா அரை புள்ளி ஒட்ட வைப்பாங்க, -3.5 மாதிரி, அந்த அரைக்கு ஹூக்னு பேரு. இந்த முறையை கொண்டு வந்தது 1940-கள்ல சிகாகோல இருந்த சார்லஸ் மெக்நீல்னு சொல்வாங்க, கணக்கு வாத்தியாரா இருந்தவரு. அதுக்கு முன்னாடி யாரு ஜெயிப்பான்னு மட்டும்தான் பந்தயம், ஒரு டீம் பலமா இருந்து இன்னொண்ணு நோஞ்சானா இருந்தா அந்த மேட்ச்சை சீண்ட ஆளே இருக்காது. நோஞ்சானுக்கு புள்ளி கடன் குடுத்து ரெண்டு பக்கமும் ஆள் வர்ற மாதிரி பண்ணதுதான் ஸ்ப்ரெட்.

லைன் பக்கத்துல -110னு ஒரு நம்பர் இருக்கும், நிறைய பேரு அதை கண்டுக்கவே மாட்டாங்க. 100 டாலர் ஜெயிக்க 110 டாலர் கட்டணும்னு அர்த்தம். ரெண்டு பக்கமும் ஒவ்வொருத்தன் 110 கட்டுனா கல்லாவுல 220, ஜெயிச்சவனுக்கு 210 போகும், மிச்சம் 10 டாலர் புக்கிக்கு, அதாவது வந்த பணத்துல கிட்டத்தட்ட 4.5 சதவீதம். இதுக்கு விக்னு பேரு, ஜூஸ்னும் சொல்லுவாங்க. நகைக்கடைல செய்கூலி சேதாரம் போடுற மாதிரிதான், பவுன் விலையை மட்டும் பாத்துட்டு பில்லைப் பாக்காம வந்துட்டா உங்களுக்குத்தான் நட்டம். இந்த 110-னால ஒருத்தன் நஷ்டமில்லாம இருக்கணும்னாலே 52.4 சதவீதம் ஜெயிக்கணும். கேக்க லேசா இருக்கும், ஆனா அந்த ரெண்டரை சதவீதத்துலதான் லாஸ் வேகாஸ்ல அத்தனை லைட்டும் எரியுது.

விலை 110-லயே நிக்காது. -105 ஆனா நஷ்டமில்லாம இருக்க 51.2 போதும், -115 ஆனா 53.5 வேணும், -120 ஆனா 54.5. அதனால லைனை எழுதி வைக்கும்போது ஸ்ப்ரெட்டை மட்டும் எழுதாதீங்க, பக்கத்துல விலையையும் சேத்து எழுதுங்க. "-3"ன்னு மட்டும் எழுதுனா பாதி தகவல்தான். -3 (-120)-யும் -3 (+100)-யும் (+100னா 100 கட்டி 100 ஜெயிக்கிறது) ஒரே ஸ்ப்ரெட் மாதிரி தெரியும், ஆனா ரெண்டுக்கும் நடுவுல பெரிய வித்தியாசம் இருக்கு, ஏன்னு கீழ வரும்.

சரி, லைன் போடலாம்

மொதல்ல பவர் ரேட்டிங். சராசரி டீமுக்கு 0, அதை விட ஒரு மேட்ச்சுக்கு எத்தனை புள்ளி நல்லா ஆடும் இல்ல மோசமா ஆடும்ங்கிறதுதான் ரேட்டிங். எங்க இருந்து ஆரம்பிக்கிறதுன்னு கேட்டா, போன சீசன்ல ஒரு மேட்ச்சுக்கு சராசரியா எத்தனை புள்ளி கூட அடிச்சாங்கன்னு எடுத்து அதை பாதியாக்குங்க. ஏன் பாதின்னா, என்எஃப்எல்ல ஒரு டீமுக்கு சீசனுக்கே 17 மேட்ச்தான், அதுல அதிர்ஷ்டம் நிறைய கலந்துருக்கும், பந்து கீழ விழுந்து எவன் கைக்கு போகுதுங்கிறதுலயே ரெண்டு மூணு மேட்ச் மாறிடும். அடுத்து குவாட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துறவன்) மாறிருக்கானா, கோச் மாறிருக்கானான்னு பாத்து கூட்டிக் கழிங்க.

இதை விட சுளுவான வழி ஒண்ணு இருக்கு, எனக்கு இதுதான் பிடிக்கும். போன மூணு நாலு வாரத்து க்ளோசிங் லைனை எல்லாம் எடுத்து வச்சுக்கிட்டு அதுல இருந்து ரேட்டிங்கை பின்னோக்கி பிரிச்செடுக்குறது. க்ளோசிங் லைன்னா மேட்ச் ஆரம்பிக்குற நேரத்துல நின்ன கடைசி விலை, அதுக்குள்ள உலகத்துல இருக்குற கெட்டிக்காரன் எல்லாம் பணம் போட்டு நசுக்கி முடிச்சிருப்பான், நீங்க தனியா உக்காந்து யோசிக்கிறதை விட அதுல தகவல் ஜாஸ்தி. எக்செல்ல சால்வர் தெரிஞ்சா அஞ்சு நிமிஷ வேலை.

அப்புறம் ஹோம் கிரவுண்ட். பழைய ஆளுங்க கண்ணை மூடிட்டு 3 புள்ளி குடுப்பாங்க. இப்போ அது செல்லாது, என்எஃப்எல்ல ஒண்ணரை, மிஞ்சிப்போனா ரெண்டு. அதுக்கு மேல ஓய்வு: ஒரு டீம் போன வாரம் லீவுல இருந்து வருதா, இன்னொண்ணு திங்கக்கிழமை ராத்திரி ஆடிட்டு ஆறே நாள்ல திரும்ப ஆடுதா, தூரமா பறந்து போய் ஆடணுமா, இதுக்கெல்லாம் அரை அரை புள்ளியா சேக்கலாம். அள்ளி வீசாதீங்க, புதுசா பண்றவங்க எல்லாரும் இந்த இடத்துலதான் ஆர்வக்கோளாறுல 4 புள்ளி வரைக்கும் ஏத்தி வச்சுருவாங்க.

காயம்தான் அடுத்து, இதுலயும் ஒரு அளவு இருக்கு. நல்ல குவாட்டர்பேக் வெளிய உக்காந்தா லைன் 5, 6, சமயத்துல 7 புள்ளி கூட நகரும். ஆனா பேரு பெத்த ரன்னிங் பேக் (பந்தை தூக்கிட்டு ஓடுறவன்) இல்லைன்னா? அரை புள்ளி வந்தாலே பெருசு. ஃபேன்ஸ் நம்ப மாட்டாங்க, "அவன் இல்லாம எப்படிடா"ம்பாங்க, ஆனா வேகாஸ் அசையவே அசையாது. ஆஃபென்சிவ் லைன்ல, அதாவது குவாட்டர்பேக்குக்கு முன்னாடி அரணா நிக்கிற ஆளுங்கள்ல, ஒரே நேரத்துல ரெண்டு பேரு போனா அதைத்தான் கவனிக்கணும், டிவில யாரும் பெருசா பேசாததுனால பந்தய லைன் சில சமயம் லேட்டா நகரும்.

இப்போ கணக்கு. சும்மா உதாரணத்துக்கு, பேக்கர்ஸ் ரேட்டிங் +4, பேர்ஸ் +1.5, மேட்ச் பேக்கர்ஸ் ஊர்ல, லாம்போ ஃபீல்டுல. வித்தியாசம் 2.5. ஹோமுக்கு 1.5 கூட்டுனா 4. பேர்ஸ் லீவு முடிஞ்சு வர்றாங்க, அரை கழிச்சா 3.5. பேக்கர்ஸ்ல ஒரு கார்னர்பேக் (தடுப்பு ஆட்டக்காரன்) ஆடல, 0.3 கழிங்க, 3.2. ஆக உங்க நம்பர் பேக்கர்ஸ் -3.2.

3.2னு போர்டுல எழுத முடியாது. இங்கதான் வேலையே ஆரம்பிக்குது.

3-ங்கிற நம்பர்

அமெரிக்கன் ஃபுட்பால்ல ஃபீல்ட் கோலுக்கு 3 புள்ளி, டச்டவுனுக்கு 6, கூட ஒரு உதை சேந்தா 7. ஸ்கோர் இப்படி கட்டி கட்டியா வர்றதுனால வித்தியாசமும் கட்டி கட்டியாதான் வரும். நூறு என்எஃப்எல் மேட்ச்ல சுமாரா 15 மேட்ச் சரியா 3 புள்ளி வித்தியாசத்துல முடியும், 7-ல சுமாரா 9. அடுத்து 6, 10. 2015-ல அந்த கூடுதல் உதையை பின்னாடி தள்ளி வச்சு கஷ்டமாக்குனாங்க, அதுல இருந்து தவறுறது கூடிப்போச்சு, 6-க்கும் கொஞ்சம் மவுசு வந்துச்சு. ஆனா 3-ஐ அடிச்சுக்க ஆள் இல்ல.

மேட்ச் முடிவு க்ளோசிங் லைன்ல இருந்து எவ்ளோ தள்ளி விழும்னு பாத்தா ஸ்டாண்டர்ட் டீவியேஷன் 13, 14 புள்ளி வரும். ரொம்ப அகலம். அதனால சராசரியா ஒரு புள்ளிக்கு மதிப்பு, பந்தயம் ஜெயிக்கிற வாய்ப்புல, 3 சதவீதத்துக்கும் கொஞ்சம் கம்மி, 4.5-ல இருந்து 5-க்கு போனா யாருக்கும் பெருசா ஒண்ணும் ஆகாது. ஆனா -2.5-ல இருந்து -3.5-க்கு தாண்டுனீங்கன்னா அந்த 15 மேட்ச் குவியல் மேல நடந்து போறீங்க. புக்கிங்க இதை சென்ட் கணக்குல சொல்வாங்க, வேற எடத்துல அரை புள்ளிக்கு 10 சென்ட், அதாவது -110 போய் -120 ஆகும், 3-ஐ ஒட்டி அரை புள்ளின்னா 20, 25 சென்ட் வரைக்கும் கேப்பாங்க.

அப்போ நம்ம 3.2-க்கு என்ன போடுறது? ரெண்டு வழி. பேக்கர்ஸ் -3 (-120), பேர்ஸ் +3 (+100)னு போடலாம், இல்லாட்டி பேக்கர்ஸ் -3.5 (+100), பேர்ஸ் +3.5 (-120). அதாவது ஸ்ப்ரெட்டை நகத்த முடியாத எடத்துல விலையை நகத்தி அந்த 0.2-ஐ சொல்றாங்க. நான் கடைக்காரனா இருந்தா மொதல் வழிதான், எந்நேரமும் 3 மேலயே நின்னு விலையை மட்டும் ஆட்டிட்டு இருப்பேன். ஏன்னு 1979-ல வேகாஸ் காசு குடுத்து கத்துக்கிச்சு.

அந்த வருஷம் ஜனவரி 21, மயாமி ஆரஞ்ச் பவுல், 13-வது சூப்பர் பவுல் (என்எஃப்எல் ஃபைனல்), பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸும் டல்லாஸ் கவ்பாய்ஸும். லைன் ஸ்டீலர்ஸ் -3.5-ல நின்னப்போ ஸ்டீலர்ஸ் பக்கம் பணம் கொட்டுச்சு, புக்கிங்க விலையை ஆட்டாம ஸ்ப்ரெட்டையே 4.5 வரைக்கும் தூக்குனாங்க, உடனே கவ்பாய்ஸ் +4.5 பக்கம் பணம் கொட்டுச்சு. புக்கிங்களுக்கு நிம்மதி, ரெண்டு பக்கமும் சரியாயிருச்சுன்னு. மேட்ச்சுல ஏழு நிமிஷம் கூட மிச்சமில்லாதப்போ ஸ்டீலர்ஸ் 35, கவ்பாய்ஸ் 17. முடிஞ்சுதுன்னு எல்லாரும் நெனச்ச நேரத்துல டல்லாஸ் ஒரு டச்டவுன் போட்டு 24-க்கு வந்தாங்க, ஆன்சைடு கிக் அடிச்சு பந்தையும் திரும்ப புடிச்சுட்டாங்க, 22 செகண்ட் இருக்கறப்போ பட்ச் ஜான்சன் கைக்கு ஒரு பாஸ், டச்டவுன், 35-31. வித்தியாசம் 4. அதாவது ஆரம்பத்துல -3.5 வாங்குனவனும் ஜெயிச்சான், கடைசில +4.5 வாங்குனவனும் ஜெயிச்சான், நடுவுல 4-ல வாங்குனவனுக்கு காசு வாபஸ், கடைக்காரன் ரெண்டு பக்கமும் அழுதான். இதுக்கு மிடில்னு பேரு. அன்னிக்கு நாளையே "கருப்பு ஞாயிறு"ன்னுதான் இன்னிக்கும் வேகாஸ்ல சொல்றாங்க. கவனிச்சீங்களா, 4 ஒண்ணும் பெரிய நம்பர் கூட இல்ல. 4-லயே இந்த அடின்னா 2.5-க்கும் 3.5-க்கும் நடுவுல குதிச்சு விளையாடுறவன் கதி என்ன?

அதனால இப்போ நகத்துறது படிப்படியா நடக்கும். -2.5 (-110)-ல ஒரு பெரிய பந்தயம் விழுந்தா மொதல்ல -2.5 (-120) ஆகும். திரும்ப வந்தா -3 (+100). அப்புறம் -3 (-110), -3 (-120). இன்னும் வந்துட்டே இருந்தாதான் -3.5 (+100). மேலோட்டமா பாக்குறவனுக்கு லைன் நாள் பூரா -3-லயே சும்மா கெடந்த மாதிரி தெரியும், ஆனா உள்ளுக்குள்ள அது ரெண்டு தடவை நகந்திருக்கும்.

யாரு திறக்குறா, யாரு பேச்சுக்கு நகருது

1980-கள்ல வேகாஸ்ல ஸ்டார்டஸ்ட் கேசினோ போடுற லைன்தான் நாட்டுக்கே மொதல் லைன், அதுல மொதல்ல யாரு பந்தயம் கட்டுறதுன்னு முடிவு பண்ண சீட்டு குலுக்கி போடுற அளவுக்கு அடிதடி. மத்த கேசினோங்களுக்கு லைன் போட்டுக் குடுக்குறதை மைக்கேல் ராக்ஸ்பரோ, எல்லாரும் ராக்ஸின்னு கூப்பிடுவாங்க, ஒரு தொழிலாவே பண்ணாரு. இப்போ அந்த எடத்துல பின்னக்கிள், சர்க்கா மாதிரி சில புக்குங்க, அதாவது பந்தயக் கடைங்க, இருக்கு. இவங்களுக்கு மார்க்கெட் மேக்கர்னு பேரு. விக் கம்மி, ஜெயிக்கிறவனையும் உள்ள விடுவாங்க. மத்த கடைங்க பெரும்பாலும் இவங்க போர்டைப் பாத்து காப்பி அடிக்கிறதுதான்.

ஜெயிக்கிறவனை எதுக்கு உள்ள விடணும்? அவன்கிட்ட இருந்து தகவல் வாங்கத்தான். ஞாயித்துக்கிழமை மேட்ச் ஓடிட்டு இருக்கும்போதே அடுத்த வார லைனை திறப்பாங்க, அப்போ லிமிட் ரொம்ப சின்னது, சில ஆயிரம் டாலர்தான் எடுப்பாங்க. கெட்டிக்காரன் ஒருத்தன் வந்து அந்த லிமிட் முழுசையும் பேர்ஸ் +3.5 மேல போட்டான்னா புக்கிக்கு செலவு ரெண்டாயிரம் மூவாயிரம், ஆனா தன் லைன் தப்புன்னு அவனுக்கு தெரிஞ்சுபோச்சு, உடனே திருத்திடுவான். புதன், வியாழன்னு போகப் போக லைன் மேல நம்பிக்கை வர வர லிமிட்டை ஏத்துவான், ஞாயித்துக்கிழமை காலைல பெருசா எடுப்பான். என் பார்வைல இதுதான் மொத்த தொழில்லயும் அழகான பகுதி, சின்ன தொகைல தோத்து தகவலை வாங்கி பெரிய தொகைல அதை விக்கிறான். அதனால ஞாயிறு ராத்திரி அரை புள்ளி நகந்ததும் மேட்ச் அன்னிக்கு காலைல அரை புள்ளி நகந்ததும் ஒண்ணு கிடையாது, ரெண்டாவதுக்குப் பின்னாடி பல மடங்கு பணம் இருக்கு.

பந்தயம் கட்டுறவன் யாருங்கிறதும் முக்கியம். ஒவ்வொரு கணக்கும் காலப்போக்குல க்ளோசிங் லைனை விட நல்ல விலைல வாங்குதா இல்லையான்னு கம்ப்யூட்டர் பாத்துட்டே இருக்கும். வாங்குறவன்னா ஷார்ப், அவன் 5 ஆயிரம் போட்டாலே லைன் ஆடும். மத்தவங்க பப்ளிக், ஆயிரம் பேரு சேந்து 50 ஆயிரம் போட்டாலும் சில சமயம் அசையாது. டிவில விளம்பரம் பண்ற நிறைய ரீட்டெய்ல் ஆப்புங்க இன்னும் ஒரு படி மேல போய் ஷார்ப்னு முத்திரை விழுந்தவன் லிமிட்டை அஞ்சு டாலர், பத்து டாலர்னு வெட்டி விட்டுரும், தோக்குறவனுக்கு மட்டும் விஐபி மரியாதை. சட்டப்படி சரியோ என்னவோ, எனக்கு இது கேவலமாதான் தெரியுது.

"புக்கி எப்பவும் ரெண்டு பக்கமும் பாதிப் பாதி பணம் வர்ற மாதிரிதான் லைன் போடுவான்"னு ஒரு கதை எல்லா எடத்துலயும் சுத்துது. பாதி உண்மை. அப்படி வந்தா அவனுக்கு சந்தோஷம்தான், ஆனா அதுக்காக தவறான விலையை போர்டுல விட மாட்டான், விட்டா ஷார்ப் வந்து கிழிச்சுருவான். 2004-ல ஸ்டீவன் லெவிட்ங்கிற பொருளாதார பேராசிரியர் ஒரு ஆராய்ச்சி கட்டுரைல காட்டுனது இதுதான், புக்கிங்க பணத்தை சமமா பிரிக்கிறதே இல்ல, பந்தயக்காரங்களுக்கு ஃபேவரைட் டீம் மேல இருக்குற மோகத்தை தெரிஞ்சுக்கிட்டு அதுக்கு ஏத்த மாதிரி லைன் வச்சு ஒரு பக்கம் ரிஸ்க் எடுத்து கூட சம்பாதிக்கிறாங்கன்னு. சூப்பர் பவுல் மட்டும் கொஞ்சம் வேற, அன்னிக்கு வர்ற பப்ளிக் பணம் அவ்ளோ ஜாஸ்திங்கிறதுனால கூட்டமே லைனைத் தள்ள முடியும்.

நகர்வைப் படிக்கிறது

ஒரு ஷீட் போடுங்க. நேரம், எந்த புக்கு, ஸ்ப்ரெட், விலை, அந்த நேரத்துல ஏதாவது நியூஸ் உண்டா, இவ்ளோ போதும். என்எஃப்எல்ல காயம் ரிப்போர்ட் வழக்கமா புதன், வியாழன், வெள்ளி வரும், மேட்ச்சுக்கு 90 நிமிஷம் முன்னாடி யாரு ஆடலங்கிற கடைசி லிஸ்ட் வரும். இந்த நேரத்துல நகந்தா காரணம் தேடி அலைய வேணாம்.

நியூஸ் எதுவும் இல்லாம ரெண்டு மூணு நிமிஷத்துக்குள்ள பத்து புக்குல ஒரே பக்கமா நகந்தா அதுக்கு பேரு ஸ்டீம், ஒரு பெரிய குரூப் ஒரே நேரத்துல எல்லா கடைலயும் வாங்கிட்டு போயிருக்கு. மொதல்ல எந்த புக்கு நகந்துச்சுன்னு பாருங்க, மார்க்கெட் மேக்கர்ல ஆரம்பிச்சு மத்ததுக்கு பரவுனா அதுல விஷயம் இருக்கு. ஏதோ ஒரு ரீட்டெய்ல் ஆப்ல மட்டும் நகந்து மத்ததெல்லாம் அப்படியே நின்னா அது அவங்க சொந்தக் கதை, விட்டுருங்க. சில சமயம் குரூப்பே வேணும்னு சின்ன லிமிட்ல ஒரு பக்கம் வாங்கி லைனை தள்ளிவிட்டு, லிமிட் பெருசானதும் எதிர் பக்கம் பெருசா வாங்கும். அதனால வாரத்தோட ஆரம்பத்துல நகர்றதைப் பாத்து ரொம்ப உருகாதீங்க.

"70 சதவீதம் பேரு கவ்பாய்ஸ் மேல, ஆனா லைன் எதிர் பக்கம் நகருது, அப்போ ஷார்ப் பணம் எதிர்ல இருக்கு"ன்னு ஒரு தியரி ரொம்ப பிரபலம். தத்துவமா சரிதான், ஆனா அந்த 70 சதவீதம் டிக்கெட் எண்ணிக்கையா, பணமா, எந்த புக்கோடது, எத்தனை மணிக்கு எடுத்ததுன்னு யாரும் சொல்றதில்ல. விலைக்கு நேரம் இருக்கு, புக்கு இருக்கு, அதை நம்பலாம். சதவீதத்தை நான் திரும்பிக்கூட பாக்குறதில்ல.

நகர்ற பக்கம்தான் ஜெயிக்கும்னும் கிடையாது. 2014 சூப்பர் பவுல், சியாட்டில் சீஹாக்ஸ், டென்வர் பிராங்கோஸ். சில வேகாஸ் புக்குங்க சியாட்டிலை ஃபேவரைட்டா வச்சு திறந்தாங்க, நிமிஷக் கணக்குல டென்வர் மேல பணம் கொட்டி டென்வர் ஃபேவரைட்டா மாறி, -2 -2.5 கிட்ட போய் நின்னுச்சு. முடிவு சியாட்டில் 43, டென்வர் 8. திறந்தவன் சரி, கூட்டம் தப்புன்னு ஆகிடுமா? ஒரு மேட்ச்சை வச்சு அப்படி சொல்ல முடியாது, 13, 14 புள்ளி டீவியேஷன்னு மேல சொன்னேன்ல, அதுக்குள்ள எதுவும் நடக்கும்.

காரணமே இல்லாம லைன் தலைகுப்புற விழுந்தா மட்டும் உஷார் ஆகணும். ஸ்ப்ரெட்ல ஒரு ஓட்டை இருக்கு, ஒரு டீம் ஜெயிச்சுக்கிட்டே ஏமாத்தலாம், 10 புள்ளில ஜெயிக்க வேண்டியதை 4-ல ஜெயிச்சா மேட்ச்சும் கையில, காசும் கையில. 1951-ல நியூயார்க் சிட்டி காலேஜ் பேஸ்கட்பால் டீமே இதுல மாட்டுச்சு. 1994 மார்ச்ல அரிசோனா ஸ்டேட் காலேஜ், வாஷிங்டன் கூட மேட்ச், லைன் 11 கிட்ட இருந்து ஒரே நாள்ல 3 வரைக்கும் சரிஞ்சுது, அவ்ளோ பணம் வாஷிங்டன் பக்கம். வேகாஸ் புக்கிங்கதான் முதல்ல மூக்குல வேர்த்து தகவல் சொன்னது, விசாரணைல ஆட்டக்காரங்களே காசு வாங்குனது வெளிய வந்துச்சு. கூத்து என்னன்னா அந்த குறிப்பிட்ட மேட்ச்ல அரிசோனா ஸ்டேட் 18 புள்ளில ஜெயிச்சாங்க. இந்த மாதிரி வாடை அடிச்சா புக்கி மேட்ச்சையே போர்டுல இருந்து எடுத்துருவான், குவாட்டர்பேக் ஆடுவானா மாட்டானான்னு தெரியாத நேரத்துலயும் எடுப்பான், போர்டுல லைன் காணாம போனா ரெண்டுல எதுன்னு நியூஸ் பாத்தாலே தெரிஞ்சுரும்.

என்பிஏ, அதாவது அமெரிக்க பேஸ்கட்பால் லீக், பத்தி ஒரு வரி. அங்க 3, 7 மாதிரி கனமான நம்பர் கிடையாது, ஸ்கோர் நூத்துக்கு மேல போறதுனால வித்தியாசம் பரவலா விழும், ஆனா ஒரே ஆள் இல்லைன்னா கூட 5 புள்ளி ஆடும், அடுத்தடுத்த நாள் மேட்ச்னா கடைசி நேரத்துல ஸ்டார் ஓய்வுனு அறிவிப்பாங்க, அதனால லைன் சாயந்திரம் வரைக்கும் அந்தரத்துலதான்.

உங்க லைனை சரிபாக்குறதுக்கு மேட்ச் ரிசல்ட்டை பாக்காதீங்க. பேக்கர்ஸ் 30 புள்ளில ஜெயிச்சா உங்க 3.2 தப்பாயிடாது, சரியா 3-ல ஜெயிச்சா நீங்க மேதையும் ஆயிட மாட்டீங்க. க்ளோசிங் லைன் கூட ஒப்பிடுங்க. திங்கக்கிழமை நீங்க எழுதுன நம்பர், புக்கு அன்னிக்கு வச்சிருந்த நம்பர், ஞாயித்துக்கிழமை க்ளோஸ் ஆன நம்பர், மூணையும் பக்கத்துல பக்கத்துல போடுங்க, விலையோட. திங்கக்கிழமை புக்கு -4 வச்சிருந்து, நீங்க 3.2 எழுதி, க்ளோசிங் -3-ல முடிஞ்சா லைன் உங்க பக்கம் வந்துருக்குன்னு அர்த்தம். ஒரு சீசன் முழுக்க பாதிக்கு மேல உங்க பக்கமா வந்துச்சுன்னா உங்க ரேட்டிங்ல ஏதோ இருக்கு. உங்களை விட்டு தள்ளித் தள்ளிப் போச்சுன்னா ஹோமுக்கு எவ்ளோ குடுக்குறீங்க, காயத்துக்கு எவ்ளோ குடுக்குறீங்கன்னு ஒவ்வொண்ணா கம்மி பண்ணி பாருங்க, முக்காவாசி தப்பு அங்கதான் ஒளிஞ்சிருக்கும்.

வாராவாரம் ரேட்டிங்கை புதுப்பிக்கிறப்போ மெதுவா பண்ணுங்க. நீங்க 4 எதிர்பாத்து அவங்க 24-ல ஜெயிச்சா வித்தியாசம் 20, அதுல பத்து சதவீதம் 2, ஜெயிச்சவனுக்கு 1 ஏத்தி தோத்தவனுக்கு 1 எறக்குங்க, போதும். கடைசி பத்து நிமிஷத்துல ரெண்டாம் தர ஆளுங்களை இறக்கி விட்டப்போ வந்த ஸ்கோரை எல்லாம் பெருசா எடுத்துக்காதீங்க. அப்புறம், ஏதாவது ஒரு மேட்ச்ல உங்க நம்பருக்கும் மார்க்கெட் நம்பருக்கும் 3 புள்ளிக்கு மேல இடைவெளி இருந்தா குஷியாகி துள்ளுறதுக்கு முன்னாடி காயம் ரிப்போர்ட்டை திறந்து பாருங்க, பத்துக்கு ஒம்போது தடவை குவாட்டர்பேக் பேரு பக்கத்துல ஏதோ எழுதியிருக்கும்.